பக்க எண் மேலே வர வேண்டும்

மழை விட்டதும் மண்புழு ஏன் வெளியே வருகிறது, வந்த புழு அப்புறம் எங்கே போகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், "சரி, பிழைப்புக்கு என்ன பண்றீங்க?" என்று கவலையோடு விசாரித்தார்கள். பிழைப்புக்கு அவர் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தார். மாணவர்கள் புழு வாத்தியார் என்று பெயர் வைத்தார்கள். பல்கலைக்கழகத்தில் புழுவை விட்டுவிட்டு வாத்தியார் என்று மட்டும் கூப்பிட்டார்கள். அதையே ஒரு பதவி உயர்வாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மனிதர் களைத்துப் போயிருந்தார்.

அடுத்த தடவை கல்லூரி திறப்பதற்குள் டாக்டர் பட்டம் வராவிட்டால் அந்தத் தற்காலிகமும் போய்விடும் என்று கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். மருந்துக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்துக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்த மனைவியும் அதையே வேறு தொனியில் சொல்லியிருந்தாள். வாத்தியாருக்குப் பட்டம் வேண்டியிருந்தது. ஆனால் உள்ளூர அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. ஆய்வேட்டின் நாலாம் இயலை யாராவது ஒருவர் படிக்க வேண்டும். படித்துவிட்டுச் சரி என்றோ தப்பு என்றோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மற்ற இயல்களெல்லாம் ஊரார் சொன்னதைத் திரட்டியது. நாலாம் இயல் மட்டும்தான் அவராகக் கண்டது. வெளியே வந்த புழு தன் துளைக்குத் திரும்புவதில்லை, பக்கத்துப் புழுவின் துளைக்குள் போய்விடுகிறது என்பது அதன் சாரம். குடையைப் பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு புழுவின் மேலும் ஒரு பொட்டுச் சாயம் வைத்து, எது எங்கே போகிறது என்று முதுகு ஒடியப் பார்த்து எழுதியது. மனைவியிடம் சொன்னபோது, "ஐயோ பாவம், வீடு மாறிப் போகுதா?" என்றாள். இதுவரை நாலாம் இயலுக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான்.

இந்த இடத்துக்கு வருவதற்கே அவர் தாண்டியவை கொஞ்சநஞ்சமல்ல. முதலில் தகுதித் தேர்வு. 'ஆராய்ச்சி என்றால் என்ன?' என்பது முதல் கேள்வி. வாத்தியார் வெகுளியாக, 'தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள எடுக்கும் முயற்சி' என்று எழுதிவிட்டார். தேறவில்லை. துறைத் தலைவர் அவரை அறைக்கு அழைத்து விடைத்தாளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"தெரியாத ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க. தெரியாத ஒண்ணை நாங்க எப்படித் திருத்துறது? ஆராய்ச்சிக்கு ஏழு இலக்கணம் என் குறிப்புல குடுத்திருக்கேன். அதுல ஒண்ணுகூட உங்க தாள்ல இல்ல. சொந்தமா யோசிக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே மாட்டேன். அதுக்கு ஒரு வயசு இருக்கு, பதவி இருக்கு. முதல்ல பட்டத்த வாங்குங்க."

ஏழு இலக்கணத்தையும் வாத்தியார் உருப்போட்டார். குளிக்கும்போது சொல்லிக்கொண்டார், பேருந்தில் சொல்லிக்கொண்டார். அடுத்த தடவை அப்படியே கக்கிவிட்டு வந்ததில் 'சுயசிந்தனை உடையவர்' என்ற குறிப்போடு தேறினார்.

அடுத்தது வாய்மொழித் தேர்வு. எங்கிருந்து வேண்டுமானாலும் கேள்வி வரும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். கேள்வியே வரவில்லை. தேர்வுக்குழு உட்காரும் அறையில் கைவைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் மூத்தவர் உட்கார வேண்டும் என்பது மரபு. மூத்தவர் என்றால் வயதிலா, பணியிலா என்று குழு விவாதித்தது. முன்னுதாரணங்கள் காட்டப்பட்டன. ஒரு பேராசிரியர் தழுதழுத்தார். வாத்தியார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பக்கத்து ரூம்ல இன்னொண்ணு இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா ஐயா?" என்றார். அறை அப்படியே உறைந்துபோனது. 'நடைமுறை அறிவு உண்டு. கோட்பாட்டு அறிவு போதாது' என்று எழுதி, போனால் போகிறது என்று தேற விட்டார்கள்.

அவருக்கு வாய்த்த நெறியாளர் தங்கமான மனிதர். யாரையும் இல்லை என்று சொல்லி மனம் நோகவிட மாட்டார். ஆமாம் என்று சொல்லித் தானும் மாட்டிக்கொள்ள மாட்டார். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். துறையில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. ஆய்வேட்டின் கைப்பிரதி அவர் மேசையில் ஒரு மழைக்காலம் தொடங்கி மறு மழைக்காலம் வரை கிடந்தது. திரும்பி வந்தபோது மேல் தாளில் தேநீர்க் கோப்பையின் வட்டங்கள் இருந்தன. உள்ளே எதுவும் இல்லை.

"நாலாவது சாப்டர் எப்படி சார் இருக்கு?"

"அதெல்லாம் நல்லா வரும். பாக்கலாம்."

பிறகு அட்டை. ஆய்வேட்டின் அட்டை கருநீலமாக இருக்க வேண்டும் என்பது விதி. எது கருநீலம் என்று முடிவுசெய்ய நிறக்குழு ஒன்று உண்டு. வாத்தியாரின் அட்டையைச் சன்னலோரம் பிடித்துப் பார்த்துவிட்டுக் கருப்பு என்றார்கள். விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்து நீலம் என்றார்கள். கூட்டிப் பார்த்தால் கருநீலம்தானே என்று வாத்தியார் சொல்லத் துடித்தார். நாற்காலி விஷயத்தில் பட்டது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டார். வேறு அட்டை போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆய்வேடு இரகசியப் பிரிவுக்குப் போனது. அந்தப் பிரிவின் பெருமை பல்கலைக்கழகம் முழுக்கப் பிரசித்தம். ஆய்வாளரின் பெயரையும் ஆய்வேட்டின் தலைப்பையும் மறைத்து ஓர் எண் போடுவார்கள். வெளியூர்த் தேர்வாளருக்கு அனுப்புவார்கள். தேர்வாளரின் அறிக்கை அரக்கு முத்திரையோடு வரும். அதையும் யாரும் படிக்க மாட்டார்கள். எண்ணை மட்டும் பார்த்து உரியவரிடம் சேர்ப்பார்கள். அதில் உள்ள திருத்தங்களை எல்லாம் செய்து முடித்தால்தான் கடைசி வைவா, அதாவது அவை கூட்டி நடத்தும் வாய்மொழித் தேர்வு.

வாத்தியாருக்கு அறிக்கை வந்தது. வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, மனைவி பக்கத்தில் எட்டிப் பார்க்க, அரக்கைப் பெயர்த்துப் பிரித்தார். நாலாம் இயல் என்ற சொல்லைத் தேடி அவர் கண் ஓடியது. அதில் இப்படி இருந்தது: 'ஆய்வாளர் மேலும் சில சலூன்களுக்கு நேரில் சென்று முடிதிருத்துநர்களைப் பேட்டி காண வேண்டும். முடிவெட்டும்போது பேசாமல் இருக்கும் வாடிக்கையாளர்களின் மௌனம் குறித்துத் தனி இயல் ஒன்று அவசியம்.'

"புழுவுக்கு எதுக்குங்க சலூன்?" என்றாள் மனைவி.

வாத்தியார் மறுநாளே இரகசியப் பிரிவுக்கு ஓடினார். அதிகாரி, மேசைமேல் அரக்குக் குச்சிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். வாத்தியார் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"உறையில இருக்கிறது உங்க எண்தானே?"

"எண் சரிதான் சார். ஆனா அறிக்கை வேற யாரோடதோ. நான் மண்புழுவப் பத்தி எழுதியிருக்கேன்."

அதிகாரி சட்டென்று கையை உயர்த்தித் தடுத்தார். "சொல்லாதீங்க. நீங்க எதப் பத்தி எழுதினீங்கன்னு எனக்குத் தெரியக் கூடாது. நான் இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேருந்து ஒரு ஆராய்ச்சி எதப் பத்தினதுன்னு கூட எனக்குத் தெரியாது. என் மனசாட்சி அவ்வளவு சுத்தம்."

"அப்ப தப்பு நடந்தா எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

"படிச்சாத்தானே தப்பு தெரியும்? நாங்க படிக்கிறதே இல்ல. அதனால இங்க தப்பு நடக்க வழியே கிடையாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நல்ல வார்த்தை சொல்றேன். உங்க அறிக்கை இன்னொருத்தர் கையில இருந்தாலும் தேடிக்கிட்டுப் போகாதீங்க. எண்ணை வெளிய சொன்னா ரெண்டு பேர் பதிவும் ரத்து."

நெறியாளரிடம் போனார். பாக்கலாம் அறிக்கையை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை படித்தார். வாத்தியாரின் ஆய்வு தொடர்பாக அவர் முழுதாகப் படித்த முதல் தாள் அது.

"அறிக்கைய மாத்துறதவிட ஆராய்ச்சிய மாத்துறது சுலபம். புழு பேசாது. முடி வெட்டிக்கிறவனும் பேச மாட்டான். ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு சாப்டர் எழுதிடுங்க. தலைப்பு கடைசியில 'ஓர் ஒப்பீட்டு நோக்கு'ன்னு போட்டுட்டா உள்ள எது வேணாலும் வரலாம்."

"அது நியாயமா சார்?"

"பாக்கலாம்."

ஆக, மண்புழு ஆராய்ச்சியாளர் சலூன் சலூனாக ஏறி இறங்கினார். கடைத்தெருக் கோடியில் இருந்த ஒரு சலூனில், சோப்பு நுரை அப்பிய முகத்தோடு சாய்ந்திருந்த ஒருவரிடம், "நீங்க ஏன் பேசாம இருக்கீங்க?" என்று கேட்டார். கழுத்தில் கத்தி இருந்தது. அவர் பதில் சொல்லவில்லை. வாத்தியார் 'மௌனம்' என்று குறித்துக்கொண்டார்.

கடைக்காரர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு அலுத்துக்கொண்டார். "சார், என்ன நடக்குது இந்த ஊர்ல? நீங்க என்னடான்னா தலைய விட்டுட்டு வாயப் பாக்குறீங்க. வெளிய ஒரு அம்மா வந்து பூந்தொட்டிய நோண்டிக்கிட்டிருக்காங்க. முடி வெட்டிக்க யாராவது வாங்களேன்."

வாத்தியார் வெளியே போய்ப் பார்த்தார். வாசல் பூந்தொட்டிக்கு முன்னால் ஒரு பெண்மணி உட்கார்ந்து, தேக்கரண்டியால் மண்ணை எடுத்துச் சின்னச் சின்னப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தார். கைப்பையிலிருந்து அரக்கு ஒட்டிய உறை ஒன்று எட்டிப் பார்த்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விளக்கம் தேவைப்படவில்லை.

"புழுவா?" என்றார் அந்தப் பெண்மணி.

"சலூனா?" என்றார் வாத்தியார்.

அவர் சமூகவியல் துறை. சலூனில் ஆண்கள் பேசும் அரசியல்தான் அவருடைய ஆய்வு. சலூன்காரர்கள் எல்லோருக்கும் பழகிய முகம் என்பதால் சலூன் மேடம் என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே, மாலை நேரங்களில் சலூன் பெஞ்சுகளில் உட்கார்ந்து எழுதியவர். உட்கார்ந்தால் யார் வீட்டுப் பெண் இது என்று பார்ப்பார்களே என்ற கூச்சம் போகவே ஒரு வருஷம் ஆயிற்றாம்.

வாத்தியார் அந்த உறையைக் காட்டினார். "மேடம், என் அறிக்கையில... நாலாவது சாப்டரப் பத்தி ஏதாவது எழுதியிருக்காரா?"

சலூன் மேடம் உறையைப் பிரித்துப் பார்த்தார். "எழுதியிருக்காரு சார். நாலாவது சாப்டர்ல பக்க எண் கீழ இருக்காம். மேல வரணுமாம்."

"அப்புறம்?"

"ஊருக்குள்ள இன்னும் நாலஞ்சு இடத்துல மண் எடுக்கணுமாம். அவ்வளவுதான்."

வாத்தியார் சலூன் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது. முதுகு ஒடியக் கிடந்து எழுதியதில் அந்த ஆளின் கண்ணில் பட்டது பக்க எண் மட்டும்.

உறைகளை மாற்றிக்கொண்டால் பதிவு ரத்து. மாற்றிக்கொள்ளாவிட்டால் இவர் சலூனைச் சேர்க்க வேண்டும், அவர் புழுவைச் சேர்க்க வேண்டும். ஆகவே ஆய்வேடுகளை மாற்றிக்கொண்டார்கள். சலூன் மேடத்தின் தடித்த ஆய்வேட்டை வாத்தியார் வீட்டுக்குக் கொண்டுபோனார். கல்லூரி திறக்க நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மௌனம் என்ற சொல் வந்த பக்கங்களாகப் பார்த்துப் பொறுக்கி, மேற்கோள்குறி போட்டு, 'இது மண்புழுவுக்கும் பொருந்தும்' என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி சேர்த்தார். ஆறாம் இயல் தயார். பக்க எண்ணையும் கையோடு மேலே ஏற்றிவிட்டார்.

அவருடைய வைவா நாள் வந்தது. கூடத்தில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, தண்ணீர்ப் புட்டிகளும் பிஸ்கட் தட்டுகளும் வைத்திருந்தார்கள். மனைவி கடையில் விடுப்பு சொல்லிவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். துறைத் தலைவர் தலைமை. அவர் தலைமையுரை ஆற்றினார்.

"இந்த ஆய்வு ஒரு மைல்கல். எந்தத் துறைக்கும் அடங்காத ஆய்வு. புழுவையும் சலூனையும் இணைத்துப் பார்க்க இந்தத் துறையால் மட்டும்தான் முடியும். நான் இந்த ஆய்வேட்டைக் கையில் வாங்கியதும் முதலில் கவனித்தது இதன் கனம். படிக்காமலே ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதை கெட்டுப் போகாமல் இன்று வரை காப்பாற்றி வருகிறேன்."

கைதட்டினார்கள். வெளியூர்த் தேர்வாளர் ரயில் அலுப்பில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். புழுவுக்கு நடுவே சலூன் எப்படி வந்தது என்று அவர் கேட்பார், உண்மை எல்லாம் அம்பலமாகும் என்று வாத்தியார் வேர்த்துப்போய் நின்றார். தேர்வாளரோ பக்கங்களை விசிறி போலப் புரட்டினார்.

"பக்க எண்ண மேல மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன் ஐயா."

"நான் திருப்தியடைகிறேன்."

அவையினரும் கேட்கலாம் என்பது சம்பிரதாயம். கேட்க வேண்டிய கேள்விகளைப் பாக்கலாமே இளைய ஆய்வாளர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஒருவர், இந்த ஆய்வால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று தாளைப் பார்த்து வாசித்தார். மிகுந்த பயன் என்றார் வாத்தியார். இன்னொருவர், இதற்கு ஊக்கமளித்தவர் யார் என்று வாசித்தார். நெறியாளர் என்றார் வாத்தியார். தேநீர் கொண்டுவரச் சொல்லித் தலைவர் சைகை காட்டும்போது, நடுவரிசையில் சலூன் மேடம் எழுந்தார். கையில் தாள் இல்லை.

"நாலாவது சாப்டர்ல ஒரு சந்தேகம் சார்," என்றார். "புழுவுக்குக் கண்ணு கிடையாது, வாசனைய வச்சுத்தான் வழி கண்டுபிடிக்குதுன்னு நீங்களே ரெண்டாவது சாப்டர்ல எழுதியிருக்கீங்க. ஆனா நீங்க பாத்ததெல்லாம் சாயம் வச்ச புழு. சாயத்துக்கும் வாசனை இருக்குமே? புழு தானாவே வேற துளைக்குப் போச்சா, இல்ல நீங்க வச்ச சாயத்தால தடுமாறிப் போச்சா? புதுத் தைலம் தேய்ச்சு அனுப்பினா ஆளை வீட்டு நாயே உள்ள விடாதுன்னு ஒரு சலூன்காரர் சொல்லியிருக்காரு. உங்க ஆறாவது சாப்டர்லயே இருக்கு."

வாத்தியார் ஆறாம் இயலைப் புரட்டினார். இருந்தது. தன் கையாலேயே மேற்கோள்குறி போட்டு, 'இது மண்புழுவுக்கும் பொருந்தும்' என்று கீழே எழுதியிருந்தார்.

நாலாம் இயல் மொத்தமும் கண்ணெதிரே சரிந்தது. கூடவே, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், சந்தோஷமாகவும் இருந்தது. ஒருவர் படித்திருக்கிறார். வரி வரியாகப் படித்திருக்கிறார்.

"தெரியாது," என்றார் வாத்தியார்.

பிஸ்கட் தட்டோடு வந்தவர் பாதி வழியில் நின்றார். அந்தக் கூடத்தில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. பாக்கலாம் தலையைக் குனிந்துகொண்டார். குறிப்பேடு எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தலைவரைப் பார்த்தார்.

"தெரியாதுன்னெல்லாம் எழுத முடியாது," என்றார் துறைத் தலைவர். "அப்படி எழுதின வழக்கம் இல்ல. 'ஆய்வாளர் விரிவான விளக்கம் அளித்தார். அவை நிறைவடைந்தது'ன்னு போடுங்க."

அப்படியே போட்டார்கள். வாத்தியார் டாக்டர் ஆனார்.

படிக்கட்டில் சலூன் மேடம் அவரைப் பிடித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். படிச்சப்போ தோணுச்சு, கேட்டுட்டேன்."

"தப்பா? மேடம், இத்தனை வருஷத்துல என்னைப் படிச்ச ஒரே ஆள் நீங்கதான்."

"நீங்க என்னுதைப் படிச்சீங்களா?"

வாத்தியார் சட்டைப் பொத்தானைத் திருகினார். "வேண்டிய பக்கமெல்லாம் பாத்தேன்."

"பரவால்ல சார், எல்லாரும் அப்படித்தான்," என்று சிரித்துவிட்டுப் படியிறங்கிப் போனார். துறைத் தலைவரையும் இரகசியப் பிரிவு அதிகாரியையும் தேநீர்க்கோப்பை வட்டங்களையும் மனசுக்குள் எத்தனை திட்டியிருப்பார் வாத்தியார்! இப்போது அந்த வரிசையில் தானும் போய் உட்கார்ந்துவிட்டது போல அவருக்குக் கேவலமாக இருந்தது.

அன்று முதல் வீட்டில் அந்தத் தடித்த ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். "பாஸ் ஆனப்புறம் என்னங்க படிப்பு?" என்று மனைவி கேட்டாள். "சும்மாதான்," என்றார். படிக்கப் படிக்க நன்றாக இருந்தது. ஆண்கள் சலூனில் மனம்விட்டுப் பேசுவதற்குக் காரணம், ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்க்காமல் எல்லோரும் கண்ணாடியில் பார்த்துக்கொள்வதுதான் என்று சலூன் மேடம் கண்டிருந்தார். வாத்தியார் மனைவிக்கு இரண்டு பக்கம் சத்தமாகப் படித்துக் காட்டினார். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "நிஜந்தான். மருந்துக் கடையில கண்ணாடி கிடையாது, ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க," என்றாள். "நோயாளிங்களும்தான், பாவம்," என்று சேர்த்துக்கொண்டாள்.

இதற்கிடையே பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டது. வைவாவில் அவையினர் கேட்கும் கேள்விகளை முன்கூட்டியே எழுதி, அரக்கு முத்திரை வைத்து, இரகசியப் பிரிவில் சேர்க்க வேண்டும் என்று புதுவிதி வந்தது. சலூன் மேடத்தின் வைவாதான் அந்த விதிப்படி நடக்கும் முதல் வைவா. பாக்கலாம் வாத்தியாரைத் தனியாக அழைத்துக்கொண்டுபோனார்.

"உங்க பட்டத்துக்கு இன்னும் ஆட்சிக்குழு ஒப்புதல் வரல. காலேஜ் திறக்கப் போகுது. அந்தம்மா வைவாவுக்குப் போய்க் கேள்வி கீள்வி கேட்டு வைக்காதீங்க."

"உறையில போட்டுக் குடுக்கலாமா சார்?"

வாத்தியார் பாக்கலாம் என்ற பதிலை எதிர்பார்த்தார். "வேண்டாம்," என்றார் நெறியாளர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை வாத்தியார் கேட்டதே இல்லை.

ஆனாலும் கேள்வியை எழுதி, அரக்கு வைத்து, இரகசியப் பிரிவில் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். கையெழுத்தையும் போட்டிருந்தார்.

சலூன் மேடத்தின் வைவா அதே கூடத்தில், அதே வெள்ளைத் துணிக்கு முன்னால் நடந்தது. ஆய்வில் புழு சேர்ந்துவிட்டதால் இதற்கும் வாத்தியாரின் துறைத் தலைவரே தலைமை. அவருடைய அண்ணனும் அண்ணியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைத்தெருவின் சலூன்காரர்கள் சிலர் தலைவாரி, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள். தலைமையுரையில் புழுக்களைப் பற்றிப் பாராட்டிப் பேசினார்கள். மண் மாதிரிகள் போதுமா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். போதும் என்றார் சலூன் மேடம். அவர் வாடிப் போயிருந்தார். கண்ணாடியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

துறைத் தலைவர் ஓர் உறையை உயர்த்திக் காட்டினார். "அவையினரிடமிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. விதிப்படி இரகசியமானது. ஆகவே உறையைத் திறக்க இயலாது. ஆய்வாளர் விடையளிக்கலாம்."

சலூன் மேடம் உறையைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று சந்தேகம் வந்தது போலிருந்தது. தலைவர் முகத்தில் விளையாட்டு இல்லை. கூடம் முழுக்க அவருடைய விடைக்காகக் காத்திருந்தது.

வாத்தியாருக்கு வேலை ஞாபகம் வந்தது, மனைவியின் வீங்கிய கால்கள் ஞாபகம் வந்தன. பாக்கலாம் அவர் சட்டை நுனியைப் பிடித்தார். வாத்தியார் அதை விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

"கண்ணாடிதான் காரணம்னு சொல்றீங்க மேடம். கண்ணாடியே இல்லாத சலூன்ல ஆளுங்க பேசுறாங்களா, பேசாம இருக்காங்களா? பாத்தீங்களா?"

சலூன் மேடத்தின் முகம் முதலில் விழுந்தது. பிறகு மெல்ல மெல்ல வெளிச்சமானது. "இல்ல சார்," என்றார். "அப்படி ஒரு கடை இருக்கான்னு நான் தேடவே இல்லையே."

"மரத்தடியில நாற்காலி போட்டு வெட்டுறாரே எங்க மச்சான்," என்று பின்னாலிருந்து ஒரு சலூன்காரர் குரல் கொடுத்தார். "அவர்கிட்ட கண்ணாடி கிடையாது."

"அங்க பேசுவாங்களா?" என்று சலூன் மேடம் தலைமையை மறந்து அவர் பக்கம் திரும்பிவிட்டார்.

பேராசிரியர்கள் எழுந்து நின்றார்கள். இரகசியப் பிரிவு அதிகாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். விதியை மீறியவரின் பட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்றார் ஒருவர். துறைத் தலைவர் மட்டும் அசையவில்லை. அனுபவம் பேசியது.

"எதுக்காக நிறுத்தணும்? கேள்வி உறைக்குள்ள பத்திரமா இருக்கு. வெளிய கேட்டது கேள்வியே இல்ல. கேள்வி கேட்டாருன்னு எழுதினா நம்ம அவையில விதிமீறல் நடந்ததா ஆகும். நம்ம அவையில அப்படி நடந்ததே கிடையாது. 'கேள்விகள் எழவில்லை'ன்னு போடுங்க."

அப்படியே போட்டார்கள். வாத்தியாரின் பட்டம் தப்பியது. சலூன் மேடமும் டாக்டர் ஆனார். தேநீர் வந்தது, தீர்ந்தது. கூடம் காலியானது. வாத்தியாரும் சலூன் மேடமும் சலூன்காரரும் மட்டும் மேசை ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் எப்போது கூட்டம் இருக்கும், அங்கேயும் பேசினால் அதற்கு என்ன அர்த்தம், சாயம் வைக்காமல் ஒரு புழுவை இன்னொரு புழுவிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது.

"அங்கயும் பேசினாங்கன்னா?" என்றார் வாத்தியார்.

"என் தீசிஸ் தப்பு," என்றார் சலூன் மேடம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கதவருகே சாவியோடு நின்ற துறைத் தலைவர் பொறுமை இழந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் பட்டம்தான் குடுத்தாச்சே," என்றார். "இன்னும் எதுக்கு இதப் பத்திப் பேசிக்கிட்டு நிக்கிறீங்க?"